மேகசினைக் குற்றம் சொல்லும் முன்

அன்புள்ள அம்மணிக்கு,

உன் கடிதம் வந்தது. உரிமம் உன் பெயருக்கு மாறி, அப்பாருடைய பிர்னோ .22 ரைபிளைக் கிளப்புக்கு எடுத்துப்போகத் தொடங்கிவிட்டாய் என்று படித்தபோது மனசு நிறைந்தது. கூடவே ஒரு கேள்வியும் கேட்டிருக்கிறாய். ஐந்து தோட்டா போட்டால் நடுவில் ஒன்றிரண்டு சிக்கிக்கொள்கிறது, தோட்டாவைப் பிடித்துவைக்கும் மேகசின் உதட்டைக் குறடால் கொஞ்சம் நெருக்கிவிட்டால் சரியாகும் என்று கிளப்பில் ஒருவர் சொல்கிறார், செய்யட்டுமா என்று.

செய்யாதே. குறடு இந்த வேலையில் கடைசியாக வரவேண்டிய கருவி. அதுவும் உன் கைக்கு வரவேண்டியதில்லை. பட்டாளத்தில் ஆர்மரராக இருந்த காலம் முழுக்க நான் பார்த்த சங்கதி இது: தோட்டா ஏறவில்லை என்றால் எல்லோரும் முதலில் மேகசினைத்தான் பிடித்துக்கொள்வார்கள். அது ஒன்றுதான் சுலபமாகக் கழன்று கைக்கு வருகிறது. கோளாறு எங்கே என்று தெரியாமலே அதன் உதட்டை வளைப்பார்கள். பழைய கோளாறு அப்படியே இருக்கும், புதிதாக ஒன்று சேர்ந்துகொள்ளும். அதற்குப் பிறகு எது முதலில் கெட்டது என்று கண்டுபிடிக்க எந்தக் கெட்டிக்காரனாலும் முடியாது.

உன் வேலை எது, பட்டறைக்காரர் வேலை எது என்பதை முதலில் பிரித்துக்கொள். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவு, துப்பாக்கி தயாரிப்பது, விற்பது போலவே பழுதுபார்ப்பதற்கும் தனி உரிமம் வேண்டும் என்கிறது. உன் கையில் இருப்பது வைத்திருப்பதற்கான உரிமம். ஆகவே துடைப்பது, அளவாக எண்ணெய் போடுவது, கவனிப்பது, கவனித்ததை எழுதி வைப்பது உன் வேலை. அரம் போடுவது, வளைப்பது, பாகம் மாற்றுவது உரிமம் பெற்ற துப்பாக்கிப் பட்டறைக்காரரின் வேலை. இதைக் கேட்டுச் சலித்துக்கொள்ளாதே. பத்தில் எட்டுக் கோளாறு முதல் பங்கிலேயே தீர்ந்துவிடும் வகையைச் சேர்ந்தது.

இனி உயிரோடு சம்பந்தப்பட்ட ஒன்று. உன் ரைபிளின் தோட்டாவில் வெடிக்கத் தூண்டும் மருந்து அடிப்பாகத்தின் நடுவில் இல்லை. சுற்றி ஓடுகிற விளிம்புக்குள்ளே பூசப்பட்டிருக்கிறது. ஃபயரிங் பின் அந்த விளிம்பைத் தட்டி நசுக்கினால் வெடிக்கும். பின்னுக்குப் பதில் உன் ஸ்க்ரூடிரைவர் நசுக்கினாலும் வெடிக்கும். எனவே சிக்கிய தோட்டாவின் விளிம்பில் கத்தி முனையையோ ஸ்க்ரூடிரைவரையோ கொடுத்து நெம்பக் கூடாது. முதலில் குழல் முனை இலக்குப் பக்கமே இருக்கட்டும். மேகசினைக் கழற்று. போல்ட்டை முழுக்கப் பின்னால் இழு. பெரும்பாலும் தோட்டா தானாக உதிர்ந்துவிடும். குழலின் அடியில் தோட்டா அமரும் சேம்பருக்குள் இறுகிப்போய் வராவிட்டால் ரேஞ்ச் அதிகாரியைக் கூப்பிடு, நீயாகக் கம்பி விட்டுக் குத்தாதே. ட்ரிகரை அழுத்தியும் வெடிக்காத தோட்டாவுக்கு அரை நிமிடமாவது பொறுத்திரு. சிலது தாமதித்து வெடிக்கும்.

வீட்டில் சோதித்துப் பார்ப்பதெல்லாம் டம்மி தோட்டாவில்தான். மருந்தில்லாத டம்மிகளைக் கிளப்பிலோ பட்டறையிலோ கேட்டு வாங்கிக்கொள். உண்மைத் தோட்டா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. சோதனைக்கு உட்காரும் முன் சேம்பரைக் கண்ணால் பார், விரலாலும் தடவிப் பார்.

இந்தச் சின்னத் தோட்டா ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி. 1857-ல் அமெரிக்காவில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் சிறு ரிவால்வருக்காக .22 ஷார்ட் தோட்டாவைக் கொண்டுவந்தார்கள். 1887-ல் அதே வம்சத்தில் ஸ்டீவன்ஸ் கம்பெனி .22 லாங் ரைபிளைக் கொண்டுவந்தது. இன்றைக்கு நீ போடுவதும் அதுவேதான். மொத்த நீளம் சுமார் 25 மில்லிமீட்டர். உடல் 5.7 மில்லிமீட்டர் பருமன், விளிம்பு 7 மில்லிமீட்டர். முன்னால் இருக்கும் ஈயக் குண்டு வழக்கமாக 40 கிரெயின், அதாவது இரண்டரை கிராமுக்குச் சற்று மேல். மெல்லிய பித்தளை, மெத்தென்ற ஈயம், அதன்மேல் மெழுகு. மற்ற பல தோட்டாக்களில் விளிம்பே வெளியே துருத்தாதபடி அடிப்பாகத்தைக் கடைந்து செய்துவிடலாம். இதில் முடியாது, மருந்தே விளிம்புக்குள் இருப்பதால் விளிம்பு வெளியே நீட்டித்தான் ஆகவேண்டும்.

தொல்லை அங்கே தொடங்குகிறது. விளிம்பு வைத்த தட்டுகளை அடுக்கிவைத்து மேல்தட்டைப் பக்கவாட்டில் இழுத்துப் பார், அடுத்த தட்டின் விளிம்பு தடுக்கும். மேகசினுக்குள்ளும் அதே கதை. மேல் தோட்டாவின் விளிம்பு, கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தால் போல்ட் தள்ளும்போது வழுக்கிப் போய்விடும். பின்னால் உட்கார்ந்துவிட்டால் கீழ்த் தோட்டாவையும் சேர்த்து இழுக்கும், இரண்டும் பூட்டிக்கொள்ளும். மேல் தோட்டா எப்போதும் ஒரு விளிம்பளவு முன்னால் நிற்கவேண்டும் என்பதற்காகவே .22 மேகசின்களை நேராகச் செய்யாமல் சாய்த்தோ வளைத்தோ செய்கிறார்கள். நம் ஊர்ப் போலீஸ்காரர்கள் வெகுகாலம் சுமந்த .303 ரைபிளின் தோட்டாவும் விளிம்புத் தோட்டாதான். தோட்டாவை எந்த வரிசையில் அடுக்குவது என்பதை அந்த ரைபிளுக்கும் பயிற்சியில் சொல்லித் தருவார்கள்.

இதிலிருந்து உனக்குக் கிடைக்கும் பாடம்: நிரப்பும்போதே பாதிக் கோளாறு நிர்ணயமாகிவிடுகிறது. ஒவ்வொரு தோட்டாவையும் உதட்டுக்கு முன்னால் வைத்து, கீழே அழுத்தி, மேகசினின் பின்சுவரை முட்டும் வரை பின்னால் தள்ளு. அடுத்ததை வைக்குமுன் முந்தையது சாய்ந்திருக்கிறதா என்று பார். எல்லாம் நிரம்பியதும் மேல் தோட்டாவைக் கட்டைவிரலால் ஒரு தடவை அழுத்திவிடு. அது ஸ்பிரிங்கில் இறங்கி ஏறவேண்டும். மேகசினைத் தாளம் போட்டு மேசைமேல் தட்டும் பழக்கம் வேண்டாம்.

அடுத்து, நோய் எங்கே என்று பார்ப்பது. ஒரு நோட்டுப் புத்தகம் எடு. மேகசின்கள் எத்தனை இருந்தாலும் ஒவ்வொன்றின் அடியிலும் பெயின்ட் மார்க்கரில் எண் எழுது. அடுத்த தடவை சிக்கும்போது உடனே போல்ட்டை இழுத்து அவிழ்த்துவிடாதே. ஒரு கணம் நிறுத்தி, தோட்டாவின் மூக்கு எங்கே முட்டி நிற்கிறது என்று பார்த்து எழுது. எந்த மேகசின், எத்தனையாவது தோட்டா, என்ன பிராண்ட் என்பதும் பக்கத்தில் வரட்டும். ஒரே எண்ணுள்ள மேகசின் மட்டும் மக்கர் செய்தால் குற்றம் மேகசினில். எல்லா மேகசினும் செய்தால் ரைபிளில், அல்லது தோட்டாவில், அல்லது உன் கையில். ஒரே ஒரு மேகசின்தான் இருக்கிறது என்றால் கிளப்பில் அதே மாதிரி ரைபிள் வைத்திருப்பவரிடம் ஒன்று வாங்கிப் போட்டுப் பார். இந்த ஒரு சோதனை பல வாரக் குழப்பத்தை மிச்சப்படுத்தும்.

மூக்கு நின்ற இடம் நிறையச் சொல்லும். மூக்கு தாழ்ந்து, சேம்பர் வாய்க்குக் கீழே முட்டியிருந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், ஸ்பிரிங்குக்கு மேலே தோட்டாவைத் தாங்கும் பாலோயர் சாய்ந்திருக்கலாம், மேகசின் தன் இடத்தில் முழுக்க ஏறாமல் தொங்கலாம். மூக்கு உயர்ந்து வானம் பார்த்தால் உதடு விரிந்து தோட்டாவை முன்கூட்டியே விட்டுவிடுகிறது என்று சந்தேகப்படலாம். ஒரு பக்கமாகச் சாய்ந்து முட்டினால் இரண்டு உதட்டில் ஒன்று மற்றதோடு ஒத்துப்போகவில்லை. போல்ட் தோட்டாவைத் தொடாமலே மேலே வழுக்கிப் போய்விட்டால், தோட்டா எழவேண்டிய உயரத்துக்கு எழவில்லை. எத்தனையாவது என்பதற்கும் அர்த்தம் உண்டு. நிரம்பிய மேகசினின் முதல் தோட்டா மட்டும் சிக்கினால் நிரப்பிய விதத்தைப் பார். நடுத் தோட்டா சிக்கினால் பாலோயர் உள்ளே எங்கோ உரசுகிறதா என்று பார். கடைசித் தோட்டா மட்டும் என்றால் ஸ்பிரிங் மேலேறும் கட்டத்தில் வலுவிழக்கிறது. நீ எழுதியதை வைத்துப் பார்த்தால் எனக்குப் பாலோயர்மேல்தான் சந்தேகம். ஆனால் நான் உன் ரைபிளைப் பார்க்கவில்லை, நோட்டில் இருப்பதே பேசட்டும்.

டம்மி தோட்டாவின் மூக்கில் கறுப்பு மார்க்கரைப் பூசிவிட்டு மெதுவாக ஏற்றிப் பார். எங்கே உரசுகிறதோ அங்கே கறுப்பு அழிந்திருக்கும். அந்தத் தடத்தையும் நோட்டில் வரைந்து வை.

இப்போது துடைக்கலாம். உன் அப்பாரு அந்த ரைபிளுக்கு என்ன போட்டார் என்று எனக்குத் தெரியும், தேங்காய் எண்ணெய். தலைக்கும் அதுதான், கதவுக் கீலுக்கும் அதுதான், துப்பாக்கிக்கும் அதுதான். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறையத் தொடங்கும். மார்கழிக் காலையில் நம் வீட்டுப் பாட்டிலே கல்லாய் நிற்பதைப் பார்த்திருப்பாய். அதே எண்ணெய் மேகசினுக்குள் இருந்தால் பாலோயர் எப்படி ஏறும்? வருஷக்கணக்கில் கிடந்தால் தூசியையும் எரியாத மருந்துத் துகளையும் சேர்த்துக்கொண்டு பிசினாகவும் ஆகிவிடும். மேகசினின் அடித்தகட்டைக் கழற்றும்போது ஸ்பிரிங் தெறிக்கும். கண்ணாடி போட்டுக்கொள், ஒரு துணியால் மூடியபடி கழற்று. கழற்றும் முன் செல்போனில் படம் எடு. ஸ்பிரிங்கின் எந்த முனை மேலே, எந்தப் பக்கம் முன்னால், பாலோயர் எப்படி அமர்ந்திருந்தது என்பதெல்லாம் படத்தில் இருக்கட்டும். பழைய ரைபிள்களில் ஸ்பிரிங்கை யாரோ எப்போதோ தலைகீழாக மாட்டியிருப்பதே கோளாறாக இருப்பதுண்டு. படத்தை நல்ல மேகசின் ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அது தெரிந்துவிடும்.

மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகத் துடைத்துக் காயவிடு. உள்சுவரில் துருப்புள்ளி, பள்ளம், நசுங்கல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார். கீழே விழுந்த மேகசினில் வெளியே தெரியாத நசுங்கல் உள்ளே பாலோயரைப் பிடித்துக்கொள்ளும். வெறும் பாலோயரை விரலால் அழுத்தி விடு. போகும்போதும் வரும்போதும் ஒரே மாதிரி ஓடவேண்டும். ஓர் இடத்தில் தயங்கினால் அந்த இடத்தைக் குறித்துக்கொள். திரும்ப மாட்டும்போது மேகசினுக்குள் எண்ணெய் விடாதே. தையல் மெஷின் எண்ணெயை ஒரு துணியில் தொட்டு, துரு பிடிக்காத அளவுக்குத் தடவி, அதையும் துடைத்துவிடு. ஈரமான மேகசின் தூசியைப் பிடிக்கும். துரு விடுவிக்கும் ஸ்பிரே அடித்தால் இன்னும் ஆபத்து, அது தோட்டாவுக்குள் கசிந்து மருந்தையே செயலிழக்கச் செய்யக்கூடும்.

மேகசின் சுத்தம் என்றானபின் அது உட்காரும் இடத்தைப் பார். மேகசினைப் பிடித்துவைக்கும் கொக்கி தேய்ந்திருந்தால் மேகசின் ஒரு மயிரிழை கீழே தொங்கும். போல்ட்டுக்கு அந்த மயிரிழை போதும். டம்மி போட்டு, மேகசினின் அடியை ஒரு விரலால் மெல்ல மேலே தாங்கிக்கொண்டு போல்ட்டைத் தள்ளு. தாங்கினால் ஏறுகிறது, விட்டால் சிக்குகிறது என்றால் உதட்டுக்கும் கோளாறுக்கும் சம்பந்தமே இல்லை. கொக்கியைப் பட்டறைக்காரர் பார்க்கட்டும். ரைபிளின் கட்டையை ஈரத்தில் வைத்திருந்தால் மரம் உப்பி மேகசின் பாதையை நெருக்குவதும் உண்டு. மேகசினின் பக்கவாட்டில் புதுக் கீறல் தெரிகிறதா என்று பார்.

இதற்கெல்லாம் பிறகும் சிக்கினால் சேம்பர் பக்கம் திரும்பு. பழைய .22-களில் பலர் தவறவிடும் இடம் இது. தோட்டா இல்லாமல் ட்ரிகரை அழுத்தி விளையாடினால், விளிம்பு இல்லாத இடத்தில் ஃபயரிங் பின் போய்ச் சேம்பரின் வாயோரத்தையே அடிக்கும். எல்லா ரைபிளிலும் அப்படி அடிக்காது, அடிக்கிற ரைபிளில் நாளடைவில் ஒரு சின்னப் பள்ளம் விழும், பள்ளத்தின் ஓரம் சேம்பருக்குள் பிதுங்கும். அந்தப் பிதுக்கம் தோட்டாவின் ஈயத்தைச் சுரண்டும், உள்ளே போகவிடாது, போனால் வெளியே வரவிடாது. சேம்பர் வாயில் டார்ச் அடித்துப் பூதக்கண்ணாடியில் பார், தெரியும். இதை வெட்டி எடுக்கக் கூடாது, அழுத்தித் திரும்ப அதன் இடத்துக்கே தள்ளுவதற்கென்று தனிக் கருவி இருக்கிறது. பட்டறைக்காரரிடம் இதே வார்த்தையில் கேள். வீட்டுப் பிள்ளைகள் யாரையும் அந்த ரைபிளில் வெறும் ட்ரிகர் அழுத்த விடாதே.

இன்னொன்று, சேம்பருக்குள் வளையம் போலப் படியும் கரி. அப்பாரு காலத்தில் .22 ஷார்ட் தோட்டாவும் போட்டிருந்தால், குட்டைத் தோட்டாவின் வாய் முடிகிற இடத்தில் கரியும் ஈயமும் படிந்திருக்கும். நீ போடும் நீளமான தோட்டா அங்கே போய் முட்டும். சேம்பர் பிரஷ் போட்டுப் பின்பக்கத்திலிருந்து தேய்த்தால் போய்விடும். போல்ட்டின் முகத்தையும் பார். தோட்டாவின் விளிம்பைக் கவ்வும் எக்ஸ்ட்ராக்டர் நகத்துக்கு அடியில் மெழுகும் கரியும் அடைந்திருந்தால் விளிம்பு ஏறி அமர இடமிருக்காது. பல் குத்தும் குச்சி ஒன்று போதும், ஊசி வேண்டாம்.

தோட்டாவையும் மாற்றிப் பார். மெழுகு அதிகமான பிராண்ட் வெயிலில் பிசுபிசுக்கும். குண்டின் மூக்கு வடிவமும் பிராண்டுக்குப் பிராண்ட் வேறு. ஈலி, எஸ்.கே. என்று கிளப்பில் கிடைப்பவற்றில் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி, மேகசின் எண்ணோடு சேர்த்துக் குறித்துக்கொள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்று. மேகசினையும் தோட்டாவையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலன் கொடுத்தது என்று தெரியாது.

கடைசியாக உன் கை. புதிதாகப் பிடிப்பவர்கள் பயந்து பயந்து போல்ட்டைத் தள்ளுவார்கள். பாதி வழியில் தயங்கினால் உதட்டை விட்ட தோட்டா எங்கும் பிடிப்பில்லாமல் சாயும். பின்னால் இழுக்கும்போது முழுக்க இழுக்காவிட்டால் அடுத்த தோட்டா எழுவதற்கே நேரமிருக்காது. இழுத்தால் கடைசி வரை இழு, தள்ளினால் கடைசி வரை தள்ளி மூடு. ஆத்திரமும் வேண்டாம், தயக்கமும் வேண்டாம். முக்கியமாக, ஒரு தோட்டாவைச் சேம்பருக்குள் தள்ளிவிட்டு, போல்ட்டை மூடாமல் திரும்ப இழுக்காதே. உள்ளே ஒன்று தங்கிவிட்டால் அடுத்ததன் மூக்கு அதன் விளிம்பில் போய் இடிக்கும். அந்த விளிம்பில் என்ன இருக்கிறது என்று மேலே எழுதியிருக்கிறேன். உன் பயிற்சியாளர் இதைச் சொல்லித் தரவில்லை என்று குறைப்படாதே. 50 மீட்டர் ரைபிள் போட்டியில் ஒவ்வொரு தோட்டாவையும் கையால் வைக்கும் ரைபிளுக்குத்தான் அனுமதி. அந்த வழியில் வந்தவர்களுக்கு மேகசினோடு பழக்கம் குறைவாகத்தான் இருக்கும்.

இவ்வளவும் பார்த்து, நோட்டில் ஒரே மேகசின்மேல் மட்டும் குற்றம் விழுந்தால், அப்போது உதட்டைப் பற்றிப் பேசலாம். நல்ல மேகசின் ஒன்றைப் பக்கத்தில் வைத்து வெர்னியரில் இரண்டின் உதட்டு இடைவெளியையும் அளந்து எழுது. இரும்புத் தகடு வளைந்து வளைந்து களைத்தால் விண்டுவிடும். ஒரு பக்கம் நெருக்கினால் தோட்டா விடுபடும் நேரமும் கோணமும் சேர்ந்தே மாறும். அதனால்தான் பழகிய கை, கண்ணுக்குத் தெரியாத அளவு அசைத்துவிட்டு டம்மி போட்டுப் பார்க்கும், திரும்ப அசைக்கும். உன் பட்டறைக்காரரிடம் ஒரு புது மேகசின் விலையையும் கேள். பிர்னோ பெரிய ஆலை. பிரென் இயந்திரத் துப்பாக்கிக்கு மூலமான ஜெட்.பி. 26 தயாரானதும் அந்த ஆலையில்தான். அதன் .22-கள் இந்தியாவுக்கு நிறைய வந்திருப்பதால் பழைய மேகசின் தேடினால் கிடைக்கலாம். நல்லது கிடைத்தால் கெட்டதை வளைக்கவே வேண்டாம். கெட்டதைத் தூக்கிப் போடாமல், எண்ணோடு தனியாக வை. அடுத்த மேகசினை ஒப்பிட அது உதவும்.

பட்டறைக்குப் போகும்போது "மேகசின் சரியில்லை, பாருங்கள்" என்று சொல்லாதே. அப்படிச் சொன்னால் அவரும் மேகசினைத்தான் பார்ப்பார். நோட்டைத் திறந்து, "2-ம் எண் மேகசினில் மூன்றாவது தோட்டா மூக்குத் தாழ்ந்து நிற்கிறது, வேறு மேகசினில் நிற்கவில்லை, துடைத்தபின்னும் நிற்கிறது, அடியில் தாங்கினாலும் நிற்கிறது" என்று சொல். அத்தோடு வேலை பாதியாகும், கூலியும் குறையும். உன்னை இளசு என்று நினைத்துத் தேவையில்லாத பாகத்தை மாற்றச் சொல்லும் ஆளாக இருந்தால் அவரும் யோசிப்பார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்குப் போய்வந்ததும் நோட்டின் பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்பு. ரைபிளைப் பற்றிய உன் அபிப்பிராயம் வேண்டாம், நோட்டில் எழுதியதை மட்டும் அனுப்பு.

அன்புடன்,
உன் சித்தப்பா